பாத்திரத்தில் வெட்டிய பெயர்

(இறுதியாண்டு மாணவி, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை)



ஆண்டு மலருக்கு ஒரு வாழ்க்கை வரலாறு எழுதிக் கொடு என்று பேரவைச் செயலாளர் கேட்டபோது, காமராஜர், பாரதியார், அப்துல் கலாம் மூவரையும் ஏற்கனவே மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. நான் எழுத நினைத்தவர் வேறு ஒருவர். நம் துறைக்காரர் என்றே சொல்லலாம். வயர்லெஸ் ஆபரேட்டர். பெயர் நூர் இனாயத் கான். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் ரகசியப் படைக்காக பாரிஸ் நகரத்தில் ஒளிந்திருந்து செய்தி அனுப்பியவர். முப்பது வயதில் சுட்டுக் கொல்லப்பட்டவர்.

கம்யூனிகேஷன் லேபில் மோர்ஸ் சாவியைத் தட்டிக் காட்டும்போது எங்கள் சார்தான் இந்தப் பெயரை முதலில் சொன்னார். இரண்டு நிமிடம் சொல்லிவிட்டு அடுத்த பரிசோதனைக்குப் போய்விட்டார். எனக்கு அந்த இரண்டு நிமிடம் போகவே இல்லை. விழுப்புரத்தில் இருந்து திண்டிவனம் வரும் பஸ்ஸில் விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டும் வரை நின்றுகொண்டே வரும் எனக்கு, யோசிக்க நேரத்துக்குப் பஞ்சம் கிடையாது. அதன் பிறகு தேடித் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நூர் பிறந்தது 1914 ஜனவரி 1, மாஸ்கோவில். அப்பா இனாயத் கான், பரோடாவைச் சேர்ந்த இசைக் கலைஞர். மேல்நாடுகளில் சூஃபி நெறியைப் பரப்பியவர். அம்மா ஓரா ரே பேக்கர், அமெரிக்கப் பெண். திருமணத்துக்குப் பின் அமீனா பேகம் ஆனார். நூருக்குப் பின்னால் இரண்டு தம்பிகள், ஒரு தங்கை. அப்பாவின் தாய்வழிப் பாட்டி திப்பு சுல்தானின் பேத்தி என்பது அந்தக் குடும்பத்தின் வழிவழிச் செய்தி.

திப்பு என்றதும் நமக்கு மைசூர் ஞாபகம் வரும். ஆனால் திண்டிவனத்தில் இருந்து மரக்காணம் போகும் சாலையில் பெருமுக்கல் மலை இருக்கிறதே, அந்த மலைக்கோட்டைக்காக பிரெஞ்சுக்காரர்கள், ஆங்கிலேயர்கள், ஹைதர் அலி எல்லோரும் மாறி மாறிச் சண்டை போட்டிருக்கிறார்கள். 1791 தொடக்கத்தில் திப்புவின் படையே வந்து அதைப் பிடித்தது. 1799-ல் திப்பு இறந்த பிறகு அவர் பிள்ளைகளையும் குடும்பத்தையும் வைத்திருந்தது வேலூர்க் கோட்டையில். 1806-ல் வேலூர்ப் புரட்சி நடந்ததும்தான் அவர்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். ஆக, எங்கேயோ மாஸ்கோவில் பிறந்த பெண் என்று தள்ளிவிட முடியாது. நம்ம பக்கத்து மண்ணையும் மிதித்த குடும்பம்தான்.

குடும்பம் முதலில் லண்டனிலும், 1920-க்குப் பிறகு பாரிஸுக்குப் பக்கத்தில் சுரேன் என்ற ஊரிலும் வாழ்ந்தது. 1927-ல் இந்தியா வந்திருந்த அப்பா டெல்லியில் இறந்துபோனார். நூருக்கு அப்போது பதின்மூன்று வயது. அம்மா துக்கத்தில் முடங்கிவிட, தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொண்டது மூத்த பெண்தான். மூத்த பெண்களாகப் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை! அந்தப் பொறுப்போடு சோர்போன் பல்கலைக்கழகத்தில் குழந்தை உளவியல் படித்தார், வீணை வாசித்தார், குழந்தைகளுக்குக் கதை எழுதினார். புத்தர் ஜாதகக் கதைகளில் இருபதை எடுத்து அவர் எழுதிய ஆங்கிலப் புத்தகம் 1939-ல் லண்டனில் வெளிவந்தது. குரங்கு அரசன் தன் உடம்பையே பாலமாக்கி மற்ற குரங்குகளைத் தப்பிக்க வைக்கும் கதையும் ஜாதகத்தில் ஒன்று. இப்படிப்பட்ட கதைகளில் மனசு தோய்ந்த ஒரு பெண், நாலு வருஷத்தில் என்ன ஆனார் என்பதுதான் ஆச்சரியம்.

1940 ஜூனில் ஜெர்மானியப் படை பாரிஸுக்குள் நுழைந்தது. குடும்பம் கப்பல் ஏறி இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது. அகிம்சை சொல்லிக் கொடுத்த வீட்டில் வளர்ந்த பெண், நாஜிகளைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது என்று முடிவெடுத்தார். அந்த ஆண்டு நவம்பரில் பெண்கள் துணை விமானப்படையில் சேர்ந்தார். வயர்லெஸ் பயிற்சி. நோரா என்று பெயரைச் சுருக்கிக்கொண்டார்.

இங்கே ஒரு கேள்வி வரும். எனக்கும் வந்தது. ஆங்கிலேயனோடு போரிட்டுச் செத்த திப்புவின் வழியில் வந்தவர், அதே ஆங்கிலேயனுக்கு வேலை செய்யலாமா? நூர் இதை மறைக்கவில்லை. அதிகாரி பதவிக்கான நேர்காணலிலேயே, போர் முடிந்த பிறகு இந்திய விடுதலையின் பக்கம்தான் நிற்பேன் என்று அதிகாரிகள் முகத்துக்கு நேராகச் சொன்னதாக அவர் வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். அதே காலத்தில் மறுபக்கமும் நடந்தது. பினாங்கில் ஒற்றர் பயிற்சி பெற்று ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பலில் வந்து இறங்கிய வக்கம் காதரும் அவர் தோழர்களும் 1943 செப்டம்பர் 10-ல் சென்னைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். அன்றைக்கு நூர் பாரிஸில் ஆங்கிலேயருக்காக மோர்ஸ் தட்டிக்கொண்டிருந்தார். இரண்டு பேரையும் ஒரே தராசில் வைக்க எனக்கு வயசு போதாது. இரண்டு பேருமே பயப்படவில்லை, அவ்வளவுதான் தெரிகிறது.

எஸ்.ஓ.இ. என்ற ரகசிய அமைப்பு 1940-ல் சர்ச்சில் காலத்தில் உருவாக்கப்பட்டது. எதிரி பிடித்த நாடுகளுக்குள் ஆட்களை இறக்கி, அங்குள்ள எதிர்ப்புப் படைக்கு ஆயுதம் கொடுப்பது, பாலம் தகர்ப்பது, தகவல் அனுப்புவது இதன் வேலை. நன்றாகப் பிரெஞ்சு பேசும் வயர்லெஸ் ஆபரேட்டர் வேண்டும் என்று தேடியவர்கள் 1943-ல் நூரை எடுத்தார்கள். பயிற்சி அறிக்கைகள் அவரைப் பற்றி அவ்வளவு நல்லதாக இல்லை. புத்தி கூர்மை போதாது, சட்டென்று பதறுகிறார், இந்த வேலைக்குச் சரிப்படுவாரா தெரியவில்லை என்ற பொருளில் எழுதியிருந்தார்கள். பிரெஞ்சுப் பிரிவின் தலைவர் பக்மாஸ்டர் அதை ஏற்காமல் ஓரத்தில் மறுத்துக் குறிப்பு எழுதினார். இன்டர்னல் மார்க் குறைந்து போனதற்காக அழுத தோழிகள் இதைப் படிக்க வேண்டும். அந்த அறிக்கைத் தாள்கள் இன்றைக்கும் இருக்கின்றன. எங்கே, எப்படி என்பதைப் பிறகு சொல்கிறேன்.

1943 ஜூன் 16 இரவு, லைசாண்டர் என்ற சிறு விமானம் நிலா வெளிச்சத்தில் அவரைப் பிரான்சுக்குக் கொண்டுபோய் இறக்கியது. அங்கே அனுப்பப்பட்ட முதல் பெண் வயர்லெஸ் ஆபரேட்டர் அவர்தான். ரகசியப் பெயர் மேடலின். வெளியே சொல்லிக்கொள்ள ஜான் மரி ரெனியே என்ற பெயர், குழந்தை பார்க்கும் ஆயம்மா என்ற தொழில். போய்ச் சேர்ந்து பத்து நாள் கூட ஆகவில்லை. அவர் சேர்ந்திருந்த பெரிய வலையே அறுந்தது. தலைவர் சட்டில் ஜூன் 24-ல் பிடிபட்டார். அடுத்தடுத்து ஆட்கள் பிடிபட்டார்கள், செட்டுகளும் போயின. திரும்பி வந்துவிடு, விமானம் அனுப்புகிறோம் என்று லண்டன் சொன்னது. நூர் மறுத்துவிட்டார். தான் போனால் பாரிஸில் இருந்து செய்தி சொல்ல யாரும் இல்லை என்பது அவர் காரணம்.

நம் துறை நண்பர்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். அந்தக் காலத்து செட் ஒரு சூட்கேஸுக்குள் இருக்கும்; எடை ஏறக்குறைய 15 கிலோ. கிரிஸ்டலை மாற்றி மாற்றிப் போட்டு ஷார்ட்வேவில் அனுப்ப வேண்டும். இருபது மீட்டர் ஏரியல் ஒயரை மாடியிலோ மரத்திலோ கட்ட வேண்டும். துணி காயப்போடும் கயிறு மாதிரி கட்டலாம், ஆனால் அது துணிக் கயிறு இல்லை என்று ஜெர்மானியனுக்கும் தெரியும். அவர்கள் வேனில் லூப் ஆண்டெனா வைத்துச் சுற்றுவார்கள். லூப்பைத் திருப்பும்போது சிக்னல் எந்தத் திசையில் மங்குகிறதோ அதை வைத்து ஒரு கோடு போடலாம். மூன்று வேன் மூன்று கோடு போட்டால், கோடுகள் வெட்டும் இடத்தில் ஆள் இருக்கிறான். எனவே இருபது நிமிடத்துக்கு மேல் ஒரு இடத்தில் இருந்து அனுப்பக் கூடாது என்பது விதி. ஒரு ஆபரேட்டர் சராசரியாக ஆறு வாரம்தான் தாங்குவார் என்று கணக்கு வைத்திருந்தார்கள். நூர் ஏறக்குறைய நான்கு மாதம் தாங்கினார்! முடி நிறத்தை மாற்றினார், வீடு மாற்றினார், தெருத் தெருவாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைந்தார். மெட்ரோ ரயிலில் இரண்டு ஜெர்மன் சிப்பாய்கள் பெட்டியில் என்ன என்று கேட்டதற்கு, சினிமா புரொஜெக்டர் என்று சொல்லிக் கொஞ்சம் திறந்தும் காட்டியதாக ஒரு கதை சொல்கிறார்கள். அதை நான் முழுக்க நம்பத்தான் ஆசைப்படுகிறேன்.

ஆனால் ஒரு தப்பு நடந்தது. அதை மறைத்து எழுதினால் இது வரலாறு ஆகாது. அனுப்பிய செய்திகளையும், அதன் சங்கேத வடிவத்தையும் நூர் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிச் சேர்த்து வைத்திருந்தார். உடனுக்குடன் எரித்திருக்க வேண்டியது. அவருக்குக் கொடுத்த உத்தரவில் ஃபைலிங் விஷயத்தில் கவனம் தேவை என்று இருந்தது. செய்தி அனுப்புவதற்கும் ஆங்கிலத்தில் அந்தச் சொல்தான், காகிதங்களை அடுக்கி வைப்பதற்கும் அதே சொல்தான். அவர் இரண்டாவது அர்த்தத்தில் எடுத்துக்கொண்டார் என்று ஆராய்ந்தவர்கள் கருதுகிறார்கள். ஒரு சொல்!

அக்டோபர் 1943. பணத்துக்காக யாரோ காட்டிக்கொடுக்க, அவர் தங்கியிருந்த வீட்டிலேயே பிடிபட்டார். செட்டும் நோட்டும் சேர்ந்து சிக்கின. ஜெர்மானியர்கள் அதை வைத்து நூர் அனுப்புவது போலவே லண்டனுக்குச் செய்தி அனுப்பினார்கள். லண்டனில் நம்பிவிட்டார்கள். 1944 பிப்ரவரியில் பாராசூட்டில் இறங்கிய சிலரை வரவேற்க வயலில் காத்திருந்தவர்கள் ஜெர்மானியர்கள்தான். அப்படி மாட்டியவர்களில் ஒருவர் மேடலின் டாமர்மோன் என்ற பெண். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பிடிபட்ட நூர் வாய் திறக்கவில்லை என்பதை அவரை விசாரித்தவர்களே பிறகு ஒப்புக்கொண்டார்கள். பிடித்த அன்றே குளிக்க வேண்டும் என்று கேட்டு, குளியலறைச் சன்னல் வழியாகக் கூரையில் ஏறினார், பிடித்துவிட்டார்கள். நவம்பரில் இன்னும் இரண்டு கைதிகளோடு சேர்ந்து சன்னல் கம்பியைக் கழற்றி மறுபடி கூரை ஏறினார். நேரம் பார்த்து விமானத் தாக்குதல் சங்கு ஊதியது. காவலர்கள் அறைகளைச் சோதிக்க, மறுபடி சிக்கினார். இனி தப்பிக்க மாட்டேன் என்று எழுதிக் கொடு என்றார்கள். எழுதித் தர மாட்டேன் என்றார். ஜெர்மனியில் ஃபோர்ட்ஸ்ஹைம் என்ற ஊர்ச் சிறைக்கு அனுப்பி, கையிலும் காலிலும் சங்கிலி போட்டுத் தனியறையில் வைத்தார்கள். பத்து மாதம்.

அந்தச் சிறையில் அவரை வைத்த முறைக்கு இரவும் மூடுபனியும் என்று பெயர். 1941 டிசம்பரில் ஹிட்லர் ஆட்சி போட்ட ஆணை. ஆள் எங்கே போனார் என்று வீட்டுக்குத் தெரியக் கூடாது, கடிதம் கூடாது, பெயர் கூடாது. செத்தால் செய்தியும் கூடாது. ஆளைக் கொல்வதோடு நிற்காமல், அந்த ஆள் இருந்த தடத்தையும் கொல்வது. நூர் என்ன செய்தார் தெரியுமா? தனக்குக் கஞ்சி ஊற்றித் தரும் சிறைப் பாத்திரத்தின் அடியில் கீறி எழுதினார். நோரா பேக்கர் என்று அம்மாவின் குடும்பப் பெயரோடு ஒரு பெயர். லண்டனில் டாவிட்டன் தெரு, 4-ஆம் எண் என்று அம்மா இருந்த வீட்டு முகவரி. பாத்திரம் கழுவப் போய்ச் சுற்றி வரும்போது, பக்கத்து அறைகளில் இருந்த பிரெஞ்சுப் பெண் கைதிகள் அதைப் படித்தார்கள்.

இதைப் படித்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவிட்டேன். எங்கள் வீட்டு அலமாரியில் உள்ள அத்தனை பாத்திரத்திலும் பெயர் வெட்டியிருக்கும். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும். கல்யாணத்துக்கு, காதுகுத்துக்கு, புதுமனை புகுவிழாவுக்கு வந்த பாத்திரம். கடையிலேயே புள்ளி புள்ளியாக வெட்டித் தருவார்கள். படிக்கத் தெரியாத எங்கள் ஆயா கூடத் தன் பெயர் வெட்டிய குண்டானை விரலால் தடவிக் கண்டுபிடித்துவிடும்.

1944 செப்டம்பர் 11-ல் நூரை அங்கிருந்து அழைத்துப் போனார்கள். கூட இன்னும் மூன்று பெண்கள்: யோலாந்த் பீக்மன், எலியான் ப்ளூமன், நான் ஞாபகம் வைக்கச் சொன்ன மேடலின் டாமர்மோன். டாக்காவ் முகாமில் 13-ஆம் தேதி காலை நால்வரையும் சுட்டார்கள். உடல்களை எரித்துவிட்டார்கள்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். முடித்துவிட்டோம் என்றுதான் கொன்றவர்கள் நினைத்தார்கள். ஆனால் எனக்கு இதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியமாகப் படுகிறது.

போர் முடிந்து 1946 தொடக்கத்தில் எஸ்.ஓ.இ.யைக் கலைத்தார்கள். அந்தச் சமயத்திலேயே லண்டன் பேக்கர் தெரு அலுவலகத்தில் தீப்பிடித்து ஏராளமான கோப்புகள் எரிந்தன. மிச்சத்திலும் நிறைய, தேவையில்லை என்று கழித்துக் கட்டப்பட்டன. எரிக்க வேண்டிய நோட்டு எரியாமல் எதிரி கையில் கிடைத்தது. காக்க வேண்டிய கோப்புகள் எரிந்தன. இதை எழுதும்போதே எனக்கு எரிச்சலாக வருகிறது.

பிரெஞ்சுப் பிரிவில் உளவு அதிகாரியாக இருந்த வேரா அட்கின்ஸ் என்ற பெண்மணி, திரும்பி வராத 118 பேரைத் தேடி ஜெர்மனிக்கே போனார். பெரும்பாலோரை விமானம் வரை வந்து வழியனுப்பியவர் அவர். சிறை அதிகாரிகள், முகாம் காவலர்கள், உயிர் தப்பியவர்கள் என்று ஒவ்வொருவராக உட்கார வைத்து விசாரித்து, 117 பேருக்கு என்ன நடந்தது என்று எழுதி வைத்தார். அவருக்கும் ஒரு பிழை நேர்ந்தது. 1944 ஜூலை 6-ல் நாட்ஸ்வைலர் முகாமில் நான்கு பெண்கள் விஷ ஊசி போட்டுக் கொல்லப்பட்டார்கள். மூன்று பேரின் பெயர் உறுதியானது. நான்காவது பெண் குட்டையாக, கருமுடியோடு இருந்தார் என்ற சாட்சியத்தை வைத்து, அது நூர்தான் என்று பதிவானது.

ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்து உயிரோடு திரும்பிய யோலாந்த் லக்ராவ் என்ற பிரெஞ்சுப் பெண், பாத்திரத்தில் படித்த பெயரையும் தெருவையும் மறக்கவில்லை. அவர் எழுதித் தெரிவித்ததும், வேரா மறுபடி விசாரித்ததும் சேர்ந்து 1947-ல் நூரின் பதிவு திருத்தப்பட்டது. நாட்ஸ்வைலரில் ஜூலையில் இறந்தவர், செப்டம்பர் வரை வேறு சிறையில் எப்படி இருந்திருக்க முடியும்?

அப்படியானால் அந்த நான்காவது பெண் யார்? சோனியா ஓல்ஷனெட்ஸ்கி. ஜெர்மனியில் பிறந்த யூதப் பெண், பாரிஸில் நடனக்காரி, தூது போகும் வேலை செய்தவர், இறக்கும்போது இருபது வயது. அவரை லண்டன் அனுப்பவில்லை, பாரிஸிலேயே சேர்த்துக்கொண்டார்கள். அதனால் லண்டனில் அவருக்குக் கோப்பு இல்லை, தேட ஆள் இல்லை. நூரின் பெயர் அவர் இடத்தில் உட்கார்ந்திருந்த வரை, அங்கே ஒரு ஆள் குறைகிறது என்று கூட யாருக்கும் தோன்றவில்லை. எலிசபெத் நிக்கோலஸ் என்ற எழுத்தாளர் 1958-ல் வெளியிட்ட புத்தகத்தில்தான் சோனியாவின் கதை வெளியே வந்தது. பிரான்சில் வாலன்சே என்ற ஊரில் 1991-ல் திறந்த எஸ்.ஓ.இ. நினைவுச் சின்னத்தில் 104 பெயர்கள் இருக்கின்றன. நூர் பெயர் உண்டு. சோனியா பெயர் இல்லை.

நூருக்கு 1949-ல் ஜார்ஜ் சிலுவை என்ற மிக உயர்ந்த விருது, இறந்த பின் வழங்கப்பட்டது. தோழி ஜீன் ஓவர்டன் ஃபுல்லர் சாட்சிகளைத் தேடிப் போய் 1952-ல் முதல் வரலாற்றை எழுதினார். அரசாங்கக் கோப்போ அரை நூற்றாண்டுக்கு மேல் பூட்டியே இருந்து, 2003-ல்தான் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. பயிற்சி அறிக்கை, ஓரத்துக் குறிப்பு எல்லாம் அதில் இருந்துதான் நமக்குத் தெரியும். ஷ்ரபணி பாசு என்ற இந்தியப் பெண் பத்திரிகையாளர் அதையெல்லாம் படித்து 2006-ல் புத்தகம் எழுதினார். அவர் முயற்சியால் 2012-ல் லண்டன் கார்டன் சதுக்கத்தில் நூருக்கு மார்பளவுச் சிலை வைத்தார்கள். 2020-ல் டாவிட்டன் தெரு 4-ஆம் எண் வீட்டுச் சுவரில் நீலப் பலகை பதித்தார்கள். சிறைப் பாத்திரத்தில் கீறிய அதே முகவரி!

இனி எங்கள் வீட்டுச் சமாச்சாரம் கொஞ்சம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்தது நான்தான் முதல். அப்பா விழுப்புரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார். ஆயாவோட அப்பா, அந்த இரண்டாம் உலகப் போரில் பட்டாளத்தில் இருந்தவர். என்ன வேலை என்று கேட்டால் கம்பி வேலை என்று மட்டும் சொல்வாராம். அது தந்திக் கம்பியா, முள்வேலிக் கம்பியா, யாரும் கேட்கவில்லை. பர்மா பக்கம் என்பார்கள். எந்தப் படைப்பிரிவு? தெரியாது. உதவித்தொகை வாங்கித் தருகிறேன் என்று சொன்ன ஒரு ஆளிடம் டிஸ்சார்ஜ் புத்தகத்தைக் கொடுத்தார்களாம். அந்த ஆளும் திரும்பவில்லை, புத்தகமும் திரும்பவில்லை. நான் போன வருஷம் ஒரு இடத்தில் விசாரித்தபோது படை எண் இருக்கிறதா என்று கேட்டார்கள். எங்களிடம் இருப்பது ஒரு பித்தளைச் சொம்பு. அதில் அவர் பெயர் வெட்டியிருக்கிறது. எண் இல்லை.

ஆயாவுக்கு இப்போது எண்பதை நெருங்குகிறது. நேற்று கேட்டதை நாளைக்கு வேறு மாதிரி சொல்கிறது. அதனால் இந்த தீபாவளி லீவில், பாதி காலியாகக் கிடந்த பழைய ரெக்கார்டு நோட்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். சொன்னதை அப்படியே தேதி போட்டு எழுதினேன். மாற்றிச் சொன்னதை அடிக்கவில்லை. கீழேயே அதையும் எழுதினேன். ஊரை விட்டுப் போனது அறுப்புக் காலத்தில் என்று ஒரு நாளும், ஆடி மாசத்தில் என்று ஒரு நாளும் சொன்னது. திரும்பி வரும்போது விழுப்புரம் ஜங்ஷனில் இறங்கி நடந்தே வந்தார். கையில் ஒரு கம்பளி. ராத்திரியில் மேஜை மேல் விரலால் தட்டிக்கொண்டே இருப்பார், எதுக்குப்பா என்று கேட்டால் கையை மடித்துக்கொள்வார். இதைச் சொல்லிவிட்டு ஆயா அடுப்படிக்குப் போய்விட்டது. நான் பேனாவை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

சொம்பின் மேல் வெள்ளைத் தாளை வைத்து பென்சிலால் தேய்த்து எடுத்த பெயரை முதல் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். அதற்குக் கீழே படை எண் என்று எழுதி, எதிரே கோடு மட்டும் போட்டு விட்டிருக்கிறேன்.